நூறில் ஒரு மில்லிமீட்டர்: வீட்டுப் பட்டறையில் அளவுக் கருவிகளோடு என் அனுபவம்

என் வெர்னியர் (தாடைகளால் பொருளைக் கவ்வி அளக்கும் கருவி) பெட்டிக்குள் 608 என்று எண் பொறித்த சின்ன பால் பேரிங் ஒன்று எப்போதும் கிடக்கும். ஸ்கேட்டிங் சக்கரங்களில் வருகிற அதே பேரிங்தான். வெளிவிட்டம் 22 மி.மீ., உள்துளை 8 மி.மீ., அகலம் 7 மி.மீ. நல்ல தயாரிப்பாளரின் சாதாரணத் தரப் பேரிங் என்றாலே போதும், அதன் சராசரி வெளிவிட்டம் 22.000க்கு மேலே போகாது, 21.991க்குக் கீழே இறங்காது. உள்துளை 8.000க்கும் 7.992க்கும் நடுவில் நிற்கும். அகலத்தை மட்டும் நம்பக் கூடாது, அது 0.12 மி.மீ. வரை குறையலாம் என்று தரநிலையே இடம் தருகிறது. இவ்வளவு நெருக்கமாக அளவு தெரிந்த பொருள் இதைவிட எளிதாகக் கிடைப்பது கடினம். புது வெர்னியர் கைக்கு வந்தால் நான் முதலில் அளப்பது இதைத்தான். வேலைக்கு நடுவே திரையில் தெரியும் எண்மேல் சந்தேகம் வந்தாலும் இதைத்தான் எடுக்கிறேன்.

அளவுக் கருவி வாங்க நினைப்பவர்கள் எந்த பிராண்ட், டிஜிட்டலா சாதாரணமா, எத்தனை மி.மீ. நீளம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். அது சொல்லும் எண் சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது என்ற கேள்வி அரிதாகவே வருகிறது. சின்ன லேத் (கடைசல் இயந்திரம்), டிரில் பிரஸ், அரம் இவற்றோடு வேலை செய்து எனக்குப் பிடிபட்டது இது: இரண்டாவது கருவி வாங்குவதற்கு முன்னால், அளவு உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளை வாங்கிவிட வேண்டும். தெரிந்த அளவோடு தெரியாததை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் வீட்டில் நூறில் ஒரு மில்லிமீட்டரை நம்ப முடிகிறது.

டிஜிட்டல் வெர்னியரின் திரை 0.01 மி.மீ. வரை காட்டும். அது மீச்சிற்றளவு, அதாவது திரை காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, மட்டுமே. 150 மி.மீ. நீளமுள்ள தரமான டிஜிட்டல் வெர்னியருக்கே தயாரிப்பாளர் தருகிற உறுதி பொதுவாக ±0.02 மி.மீ.தான். திரையில் 21.98 என்று வந்தால் உண்மை அளவு 21.96க்கும் 22.00க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பேரிங் உட்காருமா, லொடலொடவென்று ஆடுமா என்பதெல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் முடிவாகிறது. 0.005 வரை காட்டும் திரைகளும் உண்டு. அந்தக் கடைசி இலக்கத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

அதற்காக எல்லாருக்கும் மைக்ரோமீட்டர் (திருகை வைத்து இன்னும் நுணுக்கமாக அளக்கும் கருவி) வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மரவேலைதான் என்றால் நல்ல ஸ்டீல் ஸ்கேல், நம்பகமான மூலைமட்டம், கூர்மையான குறிகத்தி, இந்த மூன்றும் கொடுக்கும் வேலைத்தரத்தை எந்த டிஜிட்டல் கருவியும் கொடுக்காது. மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்குகிறது. பலகையின் அகலத்தை 0.01க்கு அளந்து வைத்தால் அடுத்த வாரம் அந்த எண்ணுக்குப் பொருள் இருக்காது. 3டி பிரிண்டிங் செய்கிறவருக்கு 0.1 மி.மீ. தெளிவாகத் தெரிந்தால் போதும், அதற்குச் சாதாரண வெர்னியர் தாராளம். பேரிங், புஷ், ஷாஃப்ட் என்று உலோகத்தில் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தும் வேலைக்கு வந்தால்தான் நூறில் ஒன்று என்ற பேச்சே வருகிறது. பழைய பட்டறைக் கணக்கு ஒன்று உண்டு: வேலையில் எவ்வளவு ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்படுகிறதோ, அதில் பத்தில் ஒரு பங்கை நம்பகமாகச் சொல்லும் கருவி வேண்டும். வீட்டில் அது எப்போதும் நடக்காது. நான்கில் ஒரு பங்காவது இருக்கட்டும் என்பது என் எல்லை.

ஸ்கேலைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கும், அல்லது மழுங்கியிருக்கும். நான் 0 கோட்டிலிருந்து அளப்பதில்லை; 10 கோட்டைப் பொருளின் ஓரத்தில் வைத்து அளந்து கடைசியில் 10ஐக் கழித்துவிடுவேன். ஸ்கேலைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிமிர்த்தி வைத்தால் கோடுகள் பொருளைத் தொட்டு நிற்கும். கண்ணைச் சாய்த்துப் பார்ப்பதால் வரும் இடமாறு தோற்றப் பிழைக்கு அப்போது இடமே இல்லை.

மூலைமட்டத்தைச் சோதிக்க வேறு கருவி எதுவும் வேண்டாம். நேரான ஓரமுள்ள பலகையில் மட்டத்தை வைத்துக் கத்தியால் கோடு போடுங்கள். மட்டத்தை மறுபக்கமாகத் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. பிழையை இரட்டிப்பாக்கிக் காட்டுவதால் கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. பலகையின் ஓரம் நேராக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

சரி, வெர்னியருக்கு வருவோம். பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631ல் வெளியிட்ட அந்தத் துணை அளவுகோல் யோசனை இன்றும் அப்படியே உழைக்கிறது. 49 மி.மீ. நீளத்தை 50 பிரிவாகப் பிரித்தால் 0.02 வரை படிக்கலாம். பேட்டரி வேண்டாம், எண்ணெய் பட்டாலும் கவலையில்லை, முப்பது வருடம் கழித்தும் வேலை செய்யும். கண் ஒத்துழைக்கிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். டயல் உள்ள வெர்னியரைப் படிப்பது சுகம். ஆனால் அதன் பல்சட்டத்தில் ஒரு சின்ன இரும்புத்துகள் புகுந்தால் போதும், முள் இடம் மாறிவிடும். உலோகம் சீவும் பட்டறைக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து.

டிஜிட்டலின் உண்மையான பலம் எந்த இடத்திலும் சுழியாக்க முடிவது. அதை வைத்துச் செய்யும் ஒரு வேலையை நான் அடிக்கடி பயன்படுத்துகிறேன். ஒரே அளவுள்ள இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் தூரம் வேண்டும் என்று வையுங்கள். உள்தாடைகளால் (துளைக்குள் விட்டு அளக்கும் சின்னத் தாடைகள்) ஒரு துளையின் விட்டத்தை எடுத்து, அங்கேயே சுழி அழுத்துங்கள். பிறகு அதே உள்தாடைகளால் முதல் துளையின் வெளிப்பக்கச் சுவரிலிருந்து இரண்டாவது துளையின் வெளிப்பக்கச் சுவர் வரை அளந்தால், திரையில் நிற்பது நேரடியாக மைய தூரம். கூட்டல் கழித்தல் இல்லை. உள்தாடையின் தட்டை விளிம்பால் வரும் சின்னப் பிழையும் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து தன்னாலே கழிந்துவிடுகிறது.

அந்தத் தட்டை விளிம்புப் பிழையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சின்னத் துளைகளில் இது நிறையப் பேரைக் குழப்புகிறது. உள்தாடைகளின் ஓரம் கத்திபோலத் தெரிந்தாலும் அதற்கு ஒரு தட்டை அகலம் உண்டு, இரண்டு தாடைகளுக்கு நடுவே மெல்லிய சந்தும் உண்டு. வட்டமான சுவரில் தட்டை ஓரம் ஆழம் வரை போய்த் தொடாது. இந்த அகலங்களும் சந்தும் சேர்ந்து 0.5 மி.மீ. என்று வைத்தால், 5 மி.மீ. துளை 0.025 குறைவாகத் தெரியும், 3 மி.மீ. துளை 0.04 குறைவாகத் தெரியும். துளை பெரிதாகப் பெரிதாக இது மறைந்துவிடும். டிரில் பிட்டின் முனையை அளந்துவிட்டு, அது போட்ட துளையையும் அளந்து, துளை சிறிதாக இருக்கிறதே என்று யோசிப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. சின்னத் துளைக்கு நான் டிரில் பிட்டின் தண்டுகளையே செருகிப் பார்ப்பேன். எது நுழைகிறது, எது நுழையவில்லை என்று பார்த்து, நுழைந்ததை வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தால் முடிந்தது.

புதிதாகவோ பழையதாகவோ வெர்னியர் வாங்கினால் நான் செய்யும் சோதனைகள் இவை. தாடைகளைச் சுத்தமாகத் துடைத்து மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். மைக்ரான் (0.001 மி.மீ.) கணக்கிலான சந்துகூட ஒளிக்கீற்றாகத் தெரியும். வேரில் மூடி நுனியில் கீற்று தெரிந்தால் தாடை தேய்ந்திருக்கிறது அல்லது எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. அடுத்து, மூடித் திறந்து மூடிப் பல தடவை சுழி திரும்புகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது சோதனைதான் அதிகம் சொல்லித்தருகிறது. பேரிங்கைத் தாடையின் வேர்ப்பக்கம் வைத்து ஒரு அளவு, நுனிப்பக்கம் வைத்து ஒரு அளவு. இரண்டுக்கும் 0.02க்கு மேல் வித்தியாசம் வந்தால் நகரும் பகுதி சட்டத்தில் ஆடுகிறது என்று அர்த்தம். மேல் ஓரத்தில் இரண்டு பொடித் திருகுகள் இருக்கும். அவற்றை முழுதாக இறுக்கி, பிறகு சுமார் 45 டிகிரி தளர்த்தினால் ஆட்டம் அடங்கும், நகர்வும் சீராக இருக்கும்.

இந்த வேர், நுனி வித்தியாசம் எந்த வெர்னியரிலும் அடியோடு போகாது. அதன் அமைப்பே காரணம். அளவுகோல் ஒரு கோட்டில் இருக்கிறது, பொருள் அதற்குக் கீழே வேறு கோட்டில் இருக்கிறது. நடுவில் தாடை லேசாகச் சாய்ந்தால், சாய்வு முழுதும் அளவில் ஏறிவிடும். அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று எர்ன்ஸ்ட் அபே 1890ல் சொன்ன விதி இதைத்தான் பேசுகிறது. பொருளை நுனியில் கவ்வாமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து அளப்பதும், கட்டைவிரலால் அழுத்தாமல் தொட்டதும் நிறுத்துவதும் அதனால்தான். ஒரே பேரிங்கை மெல்லத் தொட்டும், இறுக்கி அழுத்தியும் அளந்து பாருங்கள். திரையின் கடைசி இலக்கங்கள் உங்கள் விரலுக்கு ஏற்ப மாறுவதைப் பார்த்துவிட்டால் அதன்பிறகு கை தானாக இளகும்.

படியின் ஆழத்தை அளக்கப் பின்னால் நீளும் மெல்லிய கம்பியை நான் அவசரத்துக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். அது சாயும். வெர்னியரின் தலைப்பக்கம், இரண்டு தாடைகளின் முதுகும் சேர்ந்து ஒரு படிபோல இருக்கும்; அந்த முகங்களைப் படியின் மேலும் கீழும் வைத்து அளந்தால் நிலையாக நிற்கும். அந்த அமைப்பு இல்லாத வெர்னியர்களும் உண்டு, வாங்கும்போது கவனியுங்கள்.

பேட்டரியில் எஸ்.ஆர்.44 சில்வர் ஆக்சைடு வகையைப் போடுங்கள். அது 1.55 வோல்ட்டில் கடைசிவரை ஏறக்குறைய ஒரே சீராக நிற்கும். எல்.ஆர்.44 அல்கலைன் அதே அளவுதான், உள்ளே பொருந்தும், ஆனால் வோல்ட்டேஜ் மெல்ல மெல்லச் சரியும். திரை சீக்கிரமே மினுக்க ஆரம்பிக்கும். அணைத்து வைத்தாலும் உள்ளுக்குள் மின்சாரம் இழுக்கும் மாடல்கள் நிறைய. இன்னொன்று, கருவியில் பெயர் பொறிக்க மின்சாரப் பொறிப்புப் பேனாவை எடுக்கவே கூடாது. உள்ளிருக்கும் மின்சுற்று பாழாகிவிடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

மைக்ரோமீட்டர் இந்த விஷயத்தில் வேறு ஜாதி. பொருளும் திருகும் ஒரே கோட்டில் நிற்கின்றன, அபே சொன்னது அப்படியே நிறைவேறுகிறது. பிரான்சில் ழான் லோரான் பால்மர் 1848ல் காப்புரிமை பெற்ற வடிவம் பெரிய மாற்றமில்லாமல் இன்று நம் கையில் இருக்கிறது. திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும், உருளையில் 50 பிரிவு, ஆக ஒரு பிரிவு 0.01. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே கண்ணால் ஊகித்தால் 0.002 வரைகூடச் சொல்லிவிடலாம். நல்ல நிலையில் உள்ள 0–25 மைக்ரோமீட்டர் 0.004 மி.மீ.க்குள் உண்மையைச் சொல்லும். வெர்னியரைவிட ஐந்து மடங்கு நெருக்கம்.

வீட்டுக்கு 0–25 ஒன்று போதும். சின்ன லேத்தில் செய்யும் ஷாஃப்ட், புஷ், பின் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 25–50 தேவைப்பட்டால், கூடவே 25 மி.மீ. அளவுக்கம்பியும் வருகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அதன் சுழியைச் சரிபார்க்க வழி இருக்காது. பெரிய செட்டாக வாங்கி அடுக்கி வைப்பதைவிட, ஒரே ஒரு தரமான 0–25ஐ வாங்கித் தினமும் கையில் எடுப்பது மேல். அளக்கும் கை பழக வேண்டும், அது ஒரே கருவியோடு பழகினால்தான் வரும்.

பயன்படுத்தும் முறையில் மூன்று பழக்கம் என்னிடம் ஊறிவிட்டது. சுழி பார்ப்பதற்கு முன் இரண்டு முகங்களுக்கு நடுவே சுத்தமான வெள்ளைத் தாளை வைத்து லேசாக மூடி, தாளை மெல்ல இழுத்துவிடுவேன். எண்ணெயும் தூசியும் தாளோடு வந்துவிடும். தாளின் கிழிந்த ஓரத்தை இழுக்கக் கூடாது, நார் உள்ளே தங்கும். அடுத்தது ராட்சட். பின்னாலிருக்கும் அந்தக் குமிழை மட்டும் பிடித்துத் திருப்பி, இரண்டு மூன்று சொடக்கு கேட்டதும் நிறுத்த வேண்டும். சுழி பார்க்கும்போது எப்படித் திருப்பினேனோ அதே வேகத்தில், அதே சொடக்கில்தான் பொருளையும் அளப்பேன். மூன்றாவது, மைக்ரோமீட்டரில் படித்ததை வெர்னியரில் ஒரு தடவை ஒப்பிடுவது. உருளையின் ஓரத்தில் பாதி மறைந்திருக்கும் 0.5 கோட்டைத் தவறவிடுவது எவருக்கும் நேரக்கூடியது, 12.37 என்பது 12.87 ஆகிவிடும். வெர்னியர் அந்த அரை மில்லிமீட்டரை ஒரு நொடியில் காட்டிக்கொடுக்கும்.

சுழிப்பிழை தெரிந்தால் கூடவே வரும் கொக்கிச் சாவியால் உட்குழலை லேசாகத் திருப்பிச் சரிசெய்யலாம். நான் 0.005க்குக் குறைந்த பிழைக்குச் சாவியை எடுப்பதில்லை. குறித்துக்கொண்டு கழித்துவிடுவேன். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் குழல் தளர வாய்ப்பிருக்கிறது.

இப்போது வெப்பத்துக்கு வருகிறேன். வீட்டுப் பட்டறையில் நூறில் ஒன்றைத் தின்பது பெரும்பாலும் இதுதான். உலகம் முழுக்க நீள அளவுகள் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. 1931ல் சர்வதேச எடை அளவுக் குழு ஏற்ற வெப்பநிலை அது. இரும்பு மீட்டருக்கு டிகிரிக்கு சுமார் 11.5 மைக்ரான் நீளும், அலுமினியம் சுமார் 23 மைக்ரான். பட்டறை 32 டிகிரியில் இருந்தாலும் இரும்புப் பொருளை இரும்பு மைக்ரோமீட்டரால் அளந்தால் கவலையில்லை, இரண்டும் சேர்ந்தே நீண்டிருக்கும். அலுமினியம் என்றால் 50 மி.மீ.க்கு ஏறக்குறைய 0.007 வித்தியாசம் வரும். அதுவும் பொறுத்துக்கொள்ளக்கூடியதே. சிக்கல், பொருள் சூடாகவும் கருவி குளிராகவும் இருக்கும்போது.

லேத்தில் அலுமினியத் துண்டு ஒன்றில் 608 பேரிங்குக்கு வீடு குடைவதை எடுத்துக்கொள்வோம். கையால் அழுத்தி உட்கார வேண்டும், ஆடக் கூடாது என்றால் துளை 22.000க்கும் 22.021க்கும் நடுவில் வர வேண்டும். எச்7 என்ற பொருத்தம் இந்த அளவுக்குத் தரும் இடம் அவ்வளவுதான். கடைசி வெட்டு முடிந்ததும் துண்டைத் தொட்டால் கை சுடும். அறையைவிட 30 டிகிரி கூடுதல் சூடு என்று வையுங்கள். 22 மி.மீ. துளை அப்போது 0.015 மி.மீ. பெரிதாக இருக்கும். அந்த நிலையில் 22.010 வந்தது, சரியாக இருக்கிறது என்று கழற்றினால், ஆறியபின் 21.995. பேரிங்கைச் சுத்தியல் இல்லாமல் உள்ளே அனுப்ப முடியாது. அதனால் கடைசி வெட்டுக்கு முந்தைய வெட்டோடு லேத்தை நிறுத்திவிடுவேன். துண்டு சக்கில் (லேத்தில் துண்டைக் கவ்விச் சுற்றும் பகுதி) பூட்டியபடியே இருக்கட்டும், கழற்றினால் மறுபடி வட்டம் வராது. மைக்ரோமீட்டரையும் பேரிங்கையும் லேத் பக்கத்திலேயே வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். துண்டைத் தொட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. அதன்பிறகு அளவு எடுத்து, மெல்லிய கடைசி வெட்டு. மைக்ரோமீட்டரை முழுக் கையால் பொத்திப் பிடிப்பதும் இதே வகைத் தொல்லைதான். சட்டத்தில் பிளாஸ்டிக் பட்டை வைத்திருப்பது அங்கே பிடிப்பதற்காக.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், சக் சுற்றும்போது எந்தக் கருவியையும் பொருளின்மேல் வைக்காதீர்கள். தாடை தேயும் என்பதைவிட, கருவி சிக்கிக் கையைத் திருப்பிவிடும் என்பதே பெரிய காரணம்.

துளையை எப்படி அளப்பது? துளைக்குள் விரிந்து அதன் விட்டத்தைப் பிடித்துவரும் டெலஸ்கோபிக் கேஜ் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அது கைப்பழக்கத்தை நிறையவே கேட்கிறது. துளைக்குள் சற்றுச் சாய்த்து விரியவிட்டு, லேசாகப் பூட்டி, துளையின் அச்சுக்கு நேராக ஒரே ஒரு தடவை ஆட்டிக் கடந்து, வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இதையே பலமுறை செய்து வரும் எண்கள் 0.01க்குள் நின்றால் அந்தக் கையை நம்பலாம். ஒரே அளவில் பல துளைகள் வேண்டும் என்றால் நான் வேறு வழிக்குப் போய்விடுவேன்: லேத்திலேயே இரண்டு அளவில் பிளக் ஒன்று கடைந்துகொள்வது. முன்பகுதி 22.00, பின்பகுதி 22.02. முன்பகுதி நுழைய வேண்டும், பின்பகுதி நுழையக் கூடாது. வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் நிதானமாக அளந்து செய்வதால் அந்தத் துல்லியம் முழுதும் துளைக்குள் போய்ச் சேருகிறது. முன்னால் ஒரு மெல்லிய காற்றுப்பள்ளம் விட்டுவிடுங்கள், மூடிய துளையில் அடைபட்ட காற்றே பிளக்கைத் தடுத்து, துளை சிறிது என்று நினைக்க வைக்கும். பிசிறு எடுக்காத துளையும் அதையேதான் செய்யும்.

அடுத்த கருவி டயல் கேஜ் (முனை நகர்வதை முள்ளில் காட்டும் கருவி), காந்த ஸ்டாண்டோடு. என்னிடம் யாராவது வெர்னியருக்கு அடுத்து என்ன என்று கேட்டால், உலோக வேலை செய்பவராக இருந்தால் மைக்ரோமீட்டருக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன். இது அளவைச் சொல்லாது, வித்தியாசத்தை மட்டுமே சொல்லும். அதுதான் அதன் அருமை. டிரில் சக்கில் நேரான கம்பியைப் பூட்டிக் கையால் சுற்றினால் எவ்வளவு ஆட்டம் என்று முள் சொல்லும். வைஸ் மேசைக்கு நேராக இருக்கிறதா, நான்கு தாடைச் சக்கில் ஜாப் (வேலை செய்யும் துண்டு) மையத்தில் நிற்கிறதா, லேத்தின் கைப்பிடியைத் திருப்பினால் டயலில் உள்ள அளவுக்குக் கருவி உண்மையிலேயே நகர்கிறதா, எல்லாம் இந்த ஒரு முள்ளில் தெரியும்.

ஊசிபோல் நேராக இறங்கும் வகையை அளக்கும் திசைக்கு நேராக நிறுத்த வேண்டும். நெம்புகோல் வகையில் முனைக்கம்பி பரப்போடு ஏறக்குறைய இணையாகப் படுத்திருக்க வேண்டும். 30 டிகிரி நிமிர்ந்தால் 0.10 என்று காட்டுவது உண்மையில் 0.087, 60 டிகிரியில் பாதி, அதாவது 0.05. ஜாப்பை மையப்படுத்தும்போது முள் அசையாமல் நிற்பதுதான் வேண்டும், அங்கே இந்தப் பிழை பெரிதில்லை. வித்தியாசம் எவ்வளவு என்று எண் சொல்ல வேண்டிய இடத்தில்தான் கவனம். ஸ்டாண்டின் கம்பிகளை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். நீட்டி வைத்தால் நீங்கள் அளப்பது ஸ்டாண்டின் வளைவைத்தான். எல்லாவற்றையும் பூட்டியபின் முனையை விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள். முள் அதே இடத்துக்குத் திரும்பினால்தான் மேலே தொடர வேண்டும்.

டயல் கேஜோடு சில ஸ்லிப் கேஜ்களும் (மிகத் துல்லியமான அளவில் செய்த கட்டைகள்) சேர்ந்தால் வீட்டுப் பட்டறையில் மைக்ரோமீட்டரும் எட்டாத இடத்தை எட்டலாம். சுவீடனின் கார்ல் எட்வர்ட் யோகான்சன் 1896 வாக்கில் இந்தக் கட்டைகளுக்கு வழி கண்டார். அவருடைய 102 கட்டை கொண்ட செட்டில் 1 மி.மீ. முதல் 201 மி.மீ. வரை 0.01 இடைவெளியில் 20,000 அளவுகளைச் சேர்க்க முடிந்தது. பரப்பு அவ்வளவு தட்டை என்பதால் இரண்டு கட்டைகளை வைத்து நழுவவிட்டு முறுக்கினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். முதல்முறை அதைக் கையில் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. வீட்டுக்கு முழு செட் தேவையில்லை. 5, 10, 20, 25 என்று நான்கைந்து கட்டை இருந்தாலே நிறைய வேலை நடக்கும். கடைசித் தரமான 2ஆம் நிலைகூட நம் தேவைக்கு அதிகம்.

செய்முறை இப்படி. தட்டையான தளம் வேண்டும். கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தடித்த ஃப்ளோட் கண்ணாடித் துண்டை வளையாமல் தாங்கும் மேசையில் வைத்துத் தொடங்கலாம். கண்ணாடியில் காந்தம் பிடிக்காது, அதனால் டயல் கேஜுக்குக் கனமான அடித்தட்டுள்ள ஸ்டாண்ட் வேண்டும். 20 மி.மீ. வேண்டிய ஜாப் என்றால், 20 கட்டையைத் தளத்தில் வைத்து, டயல் கேஜின் முனையை அதன்மேல் இறக்கி, முள்ளைச் சுழிக்குக் கொண்டுவருவேன். கட்டையை எடுத்துவிட்டு ஜாப்பை அதே முனைக்குக் கீழே நகர்த்துவேன். பிரிவுக்கு 0.01 என்ற டயலில் முள் +3 பிரிவு காட்டினால் ஜாப் 20.03. மறுபடி கட்டையை வைத்து முள் சுழிக்கே வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால்தான் அந்த 20.03ஐ எழுதுவேன். முள் நகரும் தூரம் சின்னது என்பதால் டயல் கேஜின் சொந்தப் பிழை உள்ளே வர வழி குறைவு, வெப்பமும் இரண்டுக்கும் பொது. முனையைப் பக்கவாட்டில் இடித்து ஏற்றாமல், தூக்கி மேலிருந்து இறக்குவது நல்லது.

பழைய மைக்ரோமீட்டர் வாங்குபவர்களுக்கும் இந்தக் கட்டைகள்தான் துணை. சுழி சரியாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 5, 10, 15 என்று முழு எண்ணில் சோதித்தால் உருளை ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில்தான் நிற்கும், திருகின் மற்ற பக்கம் சோதனைக்கே வராது. அதனால்தான் சோதனைக் கட்டைகளை 2.5, 5.1, 7.7, 10.3, 12.9 என்று முழு எண்ணில் நிற்காத அளவுகளில் செய்கிறார்கள். ஒவ்வொன்றிலும் உருளை வேறு இடத்தில் நிற்கும். கட்டை இல்லாதவர் பேரிங்கிலிருந்து எடுத்த ஓர் எஃகுக் குண்டை முகங்களின் நடுவில் ஒருமுறை, நான்கு ஓரங்களிலும் ஒவ்வொரு முறை வைத்து அளந்து பார்க்கலாம். நடுவில் மட்டும் எண் குறைந்தால் அங்கே குழி விழுந்திருக்கிறது. தட்டையான பொருளை அளக்கும்போது ஓரங்கள் தொட்டுக்கொள்வதால் அந்தக் குழி தெரியாது. குண்டும் கம்பியும் அளக்கும்போது அதன் ஆழம் முழுதும் பிழையாக வரும். உருளையைத் திருப்பும்போது ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் இறுகினால் அந்தக் கருவியை நான் வாங்க மாட்டேன், என்ன பிராண்டாக இருந்தாலும்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. வேலை முடிந்ததும் துடைத்து, விரலில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் தொட்டுத் தடவிவிடுவேன். வியர்வைக் கை பட்ட இடத்தில் துரு வர ஓர் இரவு போதும். தாடைகளையும் மைக்ரோமீட்டர் முகங்களையும் மூடி வைக்காமல் மெல்லிய இடைவெளி விட்டு வைக்க வேண்டும், மூடினால் ஈரம் அங்கே தங்கும், சூட்டில் விரிந்து முகங்கள் ஒன்றையொன்று அழுத்தவும் செய்யும். ஸ்லிப் கேஜ்களை ஒட்டியபடியே இரவில் விடக் கூடாது, பிரித்துத் துடைத்து எண்ணெய் பூசிப் பெட்டியில் வையுங்கள். டயல் கேஜின் தண்டில் மட்டும் எண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசினாகி, முள் திரும்பி வருவதே மந்தமாகிவிடும். அதற்கு உலர்ந்த துணி போதும்.